வில்லுக்குள் ஏழு புள்ளி

உறையின் வாயை ஊதித் திறக்க வேண்டும், பக்கத்தை உள்ளே வழுக்கவிட வேண்டும், மேல் ஓரத்தில் நம்பர் சரியா என்று ஒரு பார்வை, அப்புறம் அடுத்தது. பதினாறு பக்கம், பதினாறு பிளாஸ்டிக் உறை. வனரோஜாவின் கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு நூலகத்திலிருந்து வந்த படங்கள் இவை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் பியானோவுக்கென்று தன் கையாலேயே மை தொட்டு எழுதின இசைக்குறிப்பை அப்படியே படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். விரல் ரேகை விழக்கூடாது, எண்ணெய்க் கை படக்கூடாது என்று ஹெப்சிபா மிஸ் இத்தனை நாளும் இவற்றை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். வனரோஜாவுக்குக் கொடுத்ததெல்லாம் வேப்பேரி மெயின் ரோட்டுக் கடையில் பெரிசாக்கி எடுத்த ஜெராக்ஸ்தான். அதை இடது பக்கம் வைத்து, முதன்முதலாக அச்சில் வந்த புத்தகத்தின் ஜெராக்ஸை வலது பக்கம் வைத்து, இடது விரல் ஒன்றின்மேலும் வலது விரல் மற்றதின்மேலும் சேர்ந்தாற்போல நகர, எங்கே ஒன்று மற்றதிலிருந்து மாறுகிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. ஆடியிலிருந்து தை வரைக்கும் அவள் பார்த்த வேலை அதுதான். அது நேற்றோடு முடிந்தது. மிஸ் எழுதின கட்டுரை பழுப்புக் கவருக்குள் போட்டு ஒட்டி மேஜைமேல் இருக்கிறது, பதினொன்றரைக்குக் கூரியர்க்காரர் வருவார், இந்தப் படங்களை உறை போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் விரல் கேட்டால்தானே. உறைக்குள் போகிற பக்கத்தின்மேல் பழக்க தோஷத்தில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத்தான் விட்டது. முதல் பக்கம் ஓடிற்று, இரண்டாம் பக்கம் ஓடிற்று. மூன்றாம் பக்கத்தில், மேலேயிருந்து நாலாவது வரியில், வில் மாதிரி வளைந்து கிடக்கிற கோட்டுக்குள்ளே போய் நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கையெழுத்துக்காரர் பேனாவை அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுத்திருந்தார். ஏழு சுரத்தின் தலைக்கும் ஏழு புள்ளி. அங்கே புள்ளி கிடையாது. கிடையவே கிடையாது என்றுதான் மேஜைமேல் இருக்கிற பழுப்புக் கவர் சொல்கிறது.

தூசாக இருக்கும். ஊதிப் பார்த்தாள். முந்தானை நுனியால் ஒற்றிப் பார்த்தாள். புள்ளி அப்படியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மிஸ் வாசித்துக்கொண்டிருந்தார், மகள் தன்ஷிகா பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு ஸ்பூனை வாயில் வைத்திருப்பாள், அதுதான் அவள் இடம். "ஏ குட்டி, பெடல்ல கை வைக்காத, நசுங்கிச்சின்னா உங்கம்மா என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லமாட்டா, ஆனா உள்ளுக்குள்ள திட்டுவா" என்று மிஸ் சொல்வது கேட்டது. உள்ளுக்குள்ளே. எல்லாம் உள்ளுக்குள்ளேதான். வாய் வரைக்கும் வருவது, பல்லுக்குப் பின்னால் நின்று யோசிப்பது, திரும்பிப் போய்விடுவது. வனரோஜா அடி ஃபைலில் இருந்த ஜெராக்ஸை உருவினாள். மூன்றாம் பக்கம். அதே நாலாவது வரி, அதே வில், அதற்குள்ளே வெறும் வெள்ளை. வெள்ளை என்றால் காகிதத்தின் வெள்ளை இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வெள்ளை. ஜன்னல் பக்கம் சாய்த்தால் பளபளத்தது. விரலால் தடவினால் தழும்பு மாதிரி மேடு தட்டியது. ஒயிட்னர். அவள்தான் வைத்தது. முதல் வாரம், முதல் நாலு பக்கம், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், மிஸ் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு காலை. பக்கமெல்லாம் ஒரே அழுக்காக இருந்தது, ஜெராக்ஸ் கடைக்காரன் மிஷினைத் துடைத்தே பல வருஷம் இருக்கும், இதைப்போய் மிஸ்ஸுக்கு முன்னால் எப்படி விரிப்பது என்று கூச்சமாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் குழந்தைகள் சட்டைக் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். வெள்ளைத் துணியில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது எங்கேயிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மிஷின் எண்ணெய். கறை எடுக்கிற துப்பாக்கியைப் பிடித்துப் புஸ்ஸென்று ஒரு அடி, துணி ஈரமாகிக் காயும், புள்ளி போயிருக்கும், பீஸ் பாஸ். கறையோடு ஒரு பீஸை அடுத்த கைக்குத் தள்ளினால் சூப்பர்வைசர் புஷ்பராணி அக்கா மேஜைக்கே வந்து, "கண்ணை வீட்லயே வெச்சிட்டு வந்தியா, இல்ல புருசன்கிட்ட குடுத்துட்டு வந்தியா" என்பாள், லைனே சிரிக்கும். அந்தக் கை. அந்தக் கைதான் டிராயரில் இருந்த ஒயிட்னரைத் தேடி எடுத்தது, மூடியைக் குலுக்கியது, பக்கம் பக்கமாகச் சுத்தம் செய்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தாள். நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இரண்டு ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சில் வில்லுக்குள் ஏழு புள்ளி, கையெழுத்தில் ஒன்றும் இல்லை. அம்பு ஒட்டினாள், அவள் ஒட்டின முதல் அம்பே அதுதான். மிஸ்ஸுக்குக் கண்ணில் ஒரு வியாதி, ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடம் மட்டும் மங்கும், அதனால் பக்கத்தை மூக்குக்குக் கிட்டே வைத்து ஓரக்கண்ணால் தடவித் தடவிப் பார்த்தார். "புள்ளி இல்லையா? நல்லா பாத்தியா? ஒண்ணுகூட இல்லையா?" இல்ல மிஸ். இவள் சொன்ன இரண்டு வார்த்தை. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய் வாசித்தார். வில்லும் புள்ளியும் சேர்ந்து வந்தால் விரலை ஒட்டியும் ஒட்டாமலும் எடுத்து வாசிக்க வேண்டுமாம், ஈரத்தரையில் நடக்கிற மாதிரி. புள்ளி இல்லாமல் வெறும் வில் மட்டும் என்றால் ஒரே மூச்சில், இழுத்த நூல் அறாமல். மிஸ் அன்றைக்கு அப்படி வாசித்தார். தன்ஷிகா அப்போது மடியில் இருந்தாள், பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். "முப்பது வருசமா இதைத் தத்தித் தத்தி வாசிச்சிட்டிருக்கேன் வனரோஜா, அச்சடிச்சவன் சொன்னான்னு. எழுதினவர் கேட்டது இது இல்ல. அந்தக் கழுதை சேத்துவிட்டது." கழுதை என்றது அச்சுக்காரரை. அன்றையிலிருந்து ஆறு மாசமாக அந்த அச்சுக்காரர் இந்த வீட்டில் வாங்காத பேச்சு இல்லை. பாவம், எந்த ஊரோ, எந்தத் தெருவோ, ஈயத்தகட்டில் தலைகீழாகக் குத்திக் குத்திப் பொறித்தவராம், கை வலித்திருக்கும், பிள்ளைகுட்டி இருந்திருக்கும், இருந்ததை இருந்தபடி பொறித்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பதிமூன்றாம் பக்கத்தில் அதே ராகம் திரும்ப வருகிறது. அங்கே கையெழுத்திலும் புள்ளி இருந்தது, ஏனென்றால் அதற்குள் ஒயிட்னரைக் குப்பையில் போட்டுவிட்டாள். மிஸ்ஸுக்கு அதுதான் பெரிய விஷயமாகப் போயிற்று. முதல் தடவை முழுசாக வருகிறது, திரும்பி வரும்போது உடைந்து வருகிறது, இவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார், இதை இத்தனை பேர் வாசித்தும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. லண்டனில் இதையெல்லாம் ஆராய்கிற ஒருத்தருக்கு எழுதினார். அவர் நம்பவில்லை, மரியாதையாக நம்பாமல் பதில் போட்டார். மிஸ் அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்து, தமிழில் இவளுக்குச் சொல்லி, "என் கண்ணு போச்சுன்னு இவனுக்கு எவனோ சொல்லியிருக்கான், என் வீட்ல ஒரு கண்ணு இருக்குன்னு அவனுக்கு யார் சொல்றது" என்றார். இவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தாளே.

இப்போது அந்த இடம் வந்துகொண்டிருந்தது. மிஸ் காலையில் ஒரு தடவை முழுசையும் வாசிப்பார், இவளுக்கு இசை எழுத்து தெரியாது, ஓசை தெரியும், எந்த வளைவுக்கு அப்புறம் எது என்று ஆடுமாடு வீட்டுக்கு வழி தெரிந்துவைத்திருக்கிற மாதிரி தெரியும். எழுத்து கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒருநாள் கேட்டாள், கேட்கவே பதினைந்து நாள் ஆயிற்று. மிஸ் மாட்டேன் என்றுவிட்டார். "தெரிஞ்சுக்கிட்டா உன் கண்ணும் கெட்டுப்போயிடும். படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கறதைப் பாக்கமாட்டாங்க, இருக்கவேண்டியதைப் பாப்பாங்க. நீ எட்டாவதோட நின்னது கர்த்தர் எனக்குச் செஞ்சது." ஊரில் எல்லாரும் அதைக் குறையாகச் சொன்னார்கள், இந்த ஒரு அம்மாள்தான் அதைக் கையில் எடுத்துக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். பாத்திரம் தேய்க்க வந்தவள், மேஜை துடைக்கும்போது பாதிக் குரலில், இந்த ரெண்டு பேப்பர்லயும் இங்க வேற மாதிரி இருக்கு மிஸ், என்று சொல்லப்போய் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவள். ஆனால் இவளும் படித்துத்தானே இருக்கிறாள். அழுக்கு என்று படித்தாள். வெள்ளையில் கறுப்பு சின்னதாக இருந்தால் அழுக்கு, அதற்கு மேலே கேள்வி இல்லை, ஆறு வருஷம் நின்று நின்று கற்றுக்கொண்ட படிப்பு. மிஸ்ஸுக்கு அது தெரியவில்லை. அந்த இடம் வந்தது. நூல் அறாமல் வந்தது. சுவரைத் தாண்டி வந்தது, மேஜையைத் தாண்டி வந்தது, எதையும் தத்தாமல் எதையும் விடாமல். இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதுவே இருந்துவிட்டுப் போகட்டுமே. தன்ஷி பிறந்து மூன்றாம் நாள் முதன்முதலாக விரலைப் பிடித்தபோது இப்படித்தான் இருந்தது, விட்டுவிட்டுப் பிடிக்கவில்லை, ஒரே பிடி. அவர் ஏழு புள்ளி வைத்தார் என்றால் வைக்கட்டும், வைத்தவர் போய்விட்டார், கேட்க வரப்போவதில்லை. கேட்க வருகிறவர் லண்டன்காரர்தான். அவர் ஒருநாள் அந்த நூலகத்துக்குப் போவார். மூன்றாம் பக்கத்தை வாங்கிப் பார்ப்பார். மரியாதையாகச் சிரிப்பார். கண் போன அம்மாள் என்பார். அது இந்த வீட்டுக்குக் கடிதமாக வரும், மிஸ் அதை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படிப்பார், இந்தத் தடவை தமிழில் சொல்லமாட்டார்.

அதோடு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இவள் பேர் இருக்கிறது. முந்தாநாள் மிஸ் காட்டினார், இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, வ, ன, ரோ, ஜா. "நன்றின்னு போட்டு உன் பேர். இந்தக் கண் இல்லாட்டி இந்தக் கட்டுரை இல்லைன்னு எழுதியிருக்கேன்." ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரனிடம் சொன்னாள். "புள்ளி எண்றவளுக்கெல்லாம் புஸ்தகத்துல பேரா, அப்ப லாரில லோடு எண்றவனுக்குச் சிலையே வெக்கணும்" என்றான், ஆனால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான், எந்த ஊரில் வருது அது என்று கேட்டான், தூங்கப்போகும்போது மறுபடியும் கேட்டான். அச்சில் பேர் வருவது என்றால் கம்பெனியில் நம்பர் சீட்டு போடுவது மாதிரி. பீஸைக் கவரில் போடும்போது பார்த்தவள் நம்பரையும் ஒரு சின்னச் சீட்டாக உள்ளே போட வேண்டும், வனரோஜா முப்பத்தெட்டு, பக்கத்தில் நின்ற செண்பகம் முப்பத்தேழு. ஒருநாள் இவள் சீட்டு தீர்ந்துவிட்டது. செண்பகத்திடம் ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டாள், எல்லாரும் செய்வதுதான். மூன்று மாசம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது, குழந்தைச் சட்டைக் கழுத்துப்பட்டிக்குள் உடைந்த ஊசி முனை. கவருக்குள் முப்பத்தேழு. அது செண்பகம் பார்த்த சைஸே இல்லை, அந்த சைஸ் முழுக்க இவள்தான் பார்த்தாள், இவளுக்குத் தெரியும், இவளுக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றில் தன்ஷி எட்டு மாசம். ஆபீஸ் அறையில் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றது. வேலை போன செண்பகம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள், வாசல் கேட் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "ரோஜா, நீ ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உக்காரு, கால் எப்பிடி வீங்கிருக்கு பாரு" என்றாள். அதற்குப் பிறகு அவளை எங்கேயும் பார்க்கவில்லை. பஸ்ஸில் நீலச் சேலை கட்டின முதுகு எதைப் பார்த்தாலும் அவளோ என்று இருக்கும், இறங்கிவிடலாமா என்று இருக்கும், இறங்கினால் சொல்லவேண்டி வரும்.

கட்டைவிரல் நகம் ஜெராக்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. ஒயிட்னர் காய்ந்த சோற்றுப்பருக்கை மாதிரி உதிர்ந்தது, அடியில் கறுப்பு, ஒன்று, இரண்டு, கடைசியில் ஒன்பது வந்தது. ஒன்பதா. படத்தில் ஏழுதான். அப்படியென்றால் எல்லாமே அழுக்குதானோ என்னவோ, அப்படியென்றால் யாரிடமும் எதையும். ஒயிட்னர் படாத ஆறாம் பக்கத்து ஜெராக்ஸை எடுத்து மேலே வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினாள். இரண்டு புள்ளி ஒன்றோடொன்று பொருந்திற்று. ஏழாம் பக்கத்தை வைத்தாலும் அதே இரண்டு, அதே இடம். கண்ணாடியில் ஒட்டின தூசு எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில்தான் விழும், அது மிஷினோடது. மற்ற ஏழும் எந்தப் பக்கத்தோடும் பொருந்தவில்லை, தலைக்குத் தலை நேராக நின்றது, அது கையோடது. இவ்வளவு சுலபமாகவா இருந்தது. ஒரு பக்கத்தைத் தூக்கி இன்னொரு பக்கத்தின்மேல் வைத்திருந்தால் போதுமே. துணியிலாவது நூலை இழுத்துப் பார்ப்பாள், உருவுகிறதா நிற்கிறதா என்று. ஒருவேளை அன்றைக்கே தெரிந்திருந்ததோ. இரண்டாவது வாரம் ஐந்தாம் பக்கத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டாள் என்று மிஸ் கூப்பிட்டு, இந்தப் புள்ளிக்கு எவ்வளவு உயிர் இருக்கு தெரியுமா என்று வாசித்துக் காட்டியபோதே, சாயங்காலம் ஒயிட்னரைக் குப்பைக்கூடையில் போட்டபோதே, மூன்றாம் பக்கம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது. கதவைத் தட்டிவிட்டு நின்றது. தன்ஷி அழுதாள், எழுந்துபோனாள், அப்புறம் அதை மறுபடி கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில்தான் மிஸ் முதன்முதலாக அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஒருத்தர் முகத்தில் தன்னால் அவ்வளவு சந்தோஷம் வந்து வனரோஜா பார்த்தது அதற்கு முன்னால் இல்லை.

மணி பதினொன்று இருபது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும், நடுவில் பத்து நிமிஷம். மிஸ், ஒரு விஷயம். இல்லை, அப்படி ஆரம்பித்தால் என்ன விஷயம் என்பார், அந்தக் கேள்விக்கே வந்த வார்த்தை திரும்பிப் போய்விடும். மிஸ், மூணாம் பக்கத்துல. ஆமா, மூணாம் பக்கத்துல என்ன, என் ராஜாத்தி கண்டுபிடிச்ச மூணாம் பக்கம் என்பார். ஐயோ. சொல்லாமல் காட்டிவிட்டால்? படத்தைக் கையில் கொடுத்தால் அவர் கண்ணுக்கு அது தெரியாதே, ஏழு புள்ளி மங்கலில் மங்கலாகப் போகும், என்னம்மா இது என்று இவளிடமேதான் கேட்பார், இந்த வீட்டில் அதைப் பார்க்க இருக்கிற ஒரே கண் இதுதான். அதுதான் அடிக்கிறது. இங்கே யாரும் பிடிக்கப்போவதில்லை. அங்கே புள்ளி இல்லை என்று இன்னும் ஒரே ஒரு தடவை பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமா என்ன, பிறந்ததிலிருந்து செய்கிறாள். சின்னத் தகரப்பெட்டியில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாளைக் கை தேடியது. நாலு சிவப்பு அம்பு பாக்கி. ஒன்றை உரித்தாள். கம்பெனி விதி, தன் மேஜையில் தப்பு கண்டால் தன் கையால் அம்பு ஒட்டித் தள்ள வேண்டும், அடுத்தவள் கண்டுபிடித்து ஒட்டக்கூடாது. படத்தின்மேல் ஒட்டமுடியாது, அது பாழாகும். சுரண்டின ஜெராக்ஸில், வில்லுக்கு நேராக, முனை முதல் புள்ளியைத் தொடுகிற மாதிரி ஒட்டி அழுத்தினாள். பேனாவை எடுத்துப் பக்கத்தில் 38 என்று போட்டாள். போட்டதும் எழுத்து வந்துவிட்ட மாதிரி இருந்தது, யாரோ கற்றுக்கொடுத்த மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் மிஸ் பதிமூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தார், ராகம் திரும்பி வந்தது, ஈரத்தரையில் நடந்து வந்தது, ஒட்டி ஒட்டாமல். இப்போதுதான் கேட்டாள், அது உடைந்து வரவில்லை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு காலையும் எடுத்து வைக்கிறதுக்கு முன்னால் ஒரு துளி யோசித்து, யோசித்தாலும் வைத்து. முதல் தடவையும் எழுதினவர் அப்படித்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார். மிஸ், அந்த அச்சுக்காரரை இனிமே திட்டாதீங்க. அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அது தன்னைப் பற்றி இல்லை, அவரைப் பற்றி, அது வாயில் வரும். அவர் சரியாத்தான் பண்ணியிருக்கார் மிஸ், அப்படியென்றால் தப்பு யாரோடது என்று கேட்பார், கேட்டால் அப்போது, அப்போது செண்பகம் திரும்பி வந்து கால் வீங்கிருக்கு என்பாள், வாசல் மணி அடித்தது, பியானோ பாதியில் நின்றது, தன்ஷி ஸ்பூனைக் கீழே போட்டாள்.

"வனரோஜா, கூரியர் வந்தாச்சும்மா. மேஜைமேல அந்தக் கவர், எடுத்துட்டு வா. குட்டி, கால்ல சுத்தாத, வழிய விடு." எழுந்தாள். கவர் மேஜைமேல் இருந்தது, அது இருக்கட்டும், அம்பு ஒட்டின பக்கத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கதவைத் தாண்டினாள். மிஸ் நேரே பார்க்காமல், தெரிகிற ஓரத்தால் அவளைப் பார்க்கிறதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பினார், வெறுங்கையோட வந்தியா என்று கேட்கப்போகிற முகம். வாய் வரைக்கும் வந்தது. பல்லுக்குப் பின்னால் நின்றது. "மிஸ், அவரைத் திட்டாதீங்க, அந்த அச்சடிச்சவரை, அவர் எதையும் சேக்கல, அந்த ஏழு புள்ளியும் எழுதினவரே வெச்சதுதான், நான்தான் மிஸ் அதை அழுக்குன்னு நெனச்சு ஒயிட்னர் வெச்சு அழிச்சேன்."